வீட்டில் உருவான துருவல் பொறி

உரைநடை உலகம் – விளக்கக் கட்டுரை

நுழையும்முன்

மரத்தைச் செதுக்க உளி வேண்டும். உளியைப் பிடிக்கக் கை வேண்டும். அக்கையின் வேலையை எண்களின் துணையால் ஒரு பொறியிடம் ஒப்படைக்கும் முறை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது. அத்தகைய பொறி ஒன்றைக் குறைந்த செலவில் வீட்டிலேயே அமைக்க இயலுமா? எதில் செலவைக் குறைக்கலாம்? எதில் குறைக்கலாகாது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய ஒரு குடும்பத்தின் முயற்சி வழியே அப்பொறியின் இயல்பை அறிவோம்.

ஒரே ஒரு பலகை

புனே நகரையடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. என்னிடம் தமிழ் பயின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அவள் தந்தை கோயம்புத்தூரில் ஃபிட்டர் தொழில் கற்று, வேலையின்பொருட்டு இங்குக் குடியேறியவர்.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூரில் இருந்த அவர்களுடைய பழைய வீடு இடிக்கப்பட்டபோது, வாசற்கதவின் தேக்குப்பலகை ஒன்றை அவளுடைய அப்பத்தா எடுத்து வைத்திருந்தார். கோடை விடுமுறைக்குச் சென்ற பேத்தியிடம் அதைக் கொடுத்து, "நம் வீட்டுப் பெயரை இதில் எழுதி, அங்கே உங்கள் வாசலில் மாட்டு, கண்ணு" என்றார். ஊரார் அவ்வீட்டை அழைத்து வந்த பெயர் 'தோட்டத்து வீடு' என்பதாகும்.

புனேயில் அவர்கள் குடியிருப்பின் அருகிலிருந்த பெயர்ப்பலகைக் கடைகளில் மராத்தி, இந்தி, ஆங்கில எழுத்துகளே கிடைத்தன; தமிழ் எழுத்துகள் கிடைக்கவில்லை. 'நாமே செதுக்கினால் என்ன?' என்று மாணவி கேட்டாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் அது பயன்படும் என்பது அவள் எண்ணம். தந்தை இசைந்தார். ஆனால், இரண்டு நிபந்தனைகள் விதித்தார். மொத்தச் செலவு 20,000 ரூபாயைத் தாண்டலாகாது என்பது ஒன்று. பொறி பிழையின்றி இயங்கும் என்று உறுதியாகும் வரை அப்பத்தாவின் பலகையைத் தொடலாகாது என்பது மற்றொன்று. பலகை ஒன்றே, பழுதானால் அதற்கு மாற்று இல்லை.

துருவல் என்பது யாது?

தேங்காயைத் துருவும்போது தேங்காயை நாம் அசைக்கிறோம். துருவலகின் பற்கள் சிறிது சிறிதாகப் பருப்பைச் சுரண்டி எடுக்கின்றன. ஏறத்தாழ இதுவே துருவல் பொறியின் செயலும் ஆகும். பட்டறையில் இதனை 'மில்லிங் மிஷின்' என்பர். விரைந்து சுழலும் வெட்டுமுனை, ஒவ்வொரு சுற்றிலும் பொருளின் ஒரு சிறு செதிலை நீக்குகிறது.

கடைசல் பொறியில் பொருள் சுழலும். வெட்டும் உளி சுழலாது. துருவல் பொறியில் உளி சுழலும், பொருள் பிணிக்கப்பட்டிருக்கும். முப்பரிமாண அச்சுப்பொறி, பொருளை அடுக்கடுக்காகச் சேர்த்து வடிவம் தருகிறது. துருவல் பொறியோ, வேண்டாததை நீக்கி வடிவம் தருகிறது. நீக்கும்போது எதிர்விசை தோன்றும். அவ்விசையைத் தாங்க வேண்டியிருப்பதால், துருவல் பொறியின் உடல் அச்சுப்பொறியின் உடலைவிட உறுதியாக இருத்தல் வேண்டும்.

வெட்டுமுனை மூன்று திசைகளில் நகர வேண்டும்: இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ். இவற்றை முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் என்பர். ஒவ்வோர் அச்சையும் ஒரு மோட்டார் நகர்த்துகிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கணினி எண்களாகச் சொல்கிறது. ஆகவே இதற்குக் 'கணினிவழி எண் கட்டுப்பாட்டுத் துருவல் பொறி' என்று பெயர். சுருக்கமாகச் 'சி.என்.சி.' என்பர்.

எண்கள் பொறியை இயக்கிய வரலாறு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டிராவர்ஸ் நகரில் ஜான் பார்சன்ஸ் என்பவரின் தொழிற்சாலை இருந்தது. அங்கு 1940களில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகள் செய்யப்பட்டன. இறக்கையின் வளைவு நுட்பமானது. கையால் வரைந்து வெட்டினால் பிழை நேரும். எனவே பார்சன்ஸும் அவருடன் பணியாற்றிய ஃபிராங்க் ஸ்டூலெனும் வளைவின் மீதுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு அட்டவணையாக்கினர். ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். இருவர், ஆளுக்கோர் அச்சின் கைப்பிடியை அந்த எண் வரை திருப்புவர். நம் வகுப்பில் நிகழும் 'சொல்வதெழுதுதல்' போன்றதே அது!

படிப்பவரும் திருப்புபவரும் இல்லாமல் பொறியே எண்களைப் படித்து நகர்ந்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்க விமானப்படை அதற்கு நிதி அளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், துளையிட்ட நாடாவில் பதித்த எண்களைக் கொண்டு இயங்கும் துருவல் பொறியை 1952இல் இயக்கிக் காட்டியது.

அந்நாளில் அப்பொறியின் கட்டுப்பாட்டுக் கருவி பேரலமாரி அளவினதாக இருந்தது. இன்று அவ்வேலையை உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்றுப் பலகை செய்கிறது. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் தோன்றிய ஆர்டுயினோ பலகையும், அதற்கென 2009இல் வெளியிடப்பட்ட 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் கட்டணமற்ற மென்பொருளும், வீட்டில் துருவல் பொறி அமைப்பதை எளிதாக்கின.

எதில் சிக்கனம்?

மாணவி முதலில் வரைந்த திட்டத்தில் பொறியின் அகலம் 600 மில்லிமீட்டர். பெரிய மோட்டார்களுக்கே பாதிப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. சட்டகத்துக்கு மெல்லிய ஒட்டுப்பலகை. தந்தை அத்திட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துவரச் சொன்னார்.

மாணவர்களே! நீங்களும் இதைச் செய்து பாருங்கள். அடிக்கோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் தட்டையாக அழுத்திப் பிடித்து, மறுமுனையை விரலால் அழுத்துங்கள், எளிதில் வளையும். மேசைக்கு வெளியே நீளும் பகுதியைப் பாதியாகக் குறைத்து அதே விசையுடன் அழுத்துங்கள். வளைவு பாதியாகக் குறையும் என்றுதானே எண்ணுவீர்கள்? இல்லை, எட்டில் ஒரு பங்காகக் குறையும். அடுத்து, அடிக்கோலை அதன் விளிம்பின்மேல் நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். அது வளைவதே கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சட்டத்தின் நீளம் இரு மடங்கானால், அதே விசைக்கு அதன் வளைவு எட்டு மடங்காகும். அதன் தடிமன் இரு மடங்கானால், வளைவு எட்டில் ஒரு பங்காகும். இவ்விரு விதிகளும் குறைந்த செலவில் பொறி அமைப்போருக்கு அடிப்படையானவை.

தந்தை அகலத்தை 300 மில்லிமீட்டராகக் குறைத்தார். உறுதி எட்டு மடங்காயிற்று. அதற்கென ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாகவில்லை. மாறாக, தண்டுகளின் நீளம் குறைந்ததால் செலவும் குறைந்தது. அடுத்து, 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகள் இரண்டைப் பசையிட்டு ஒட்டி, 36 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே பலகையாக்கினார். இங்கு ஒன்றை நினைவிற்கொள்க. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மட்டும் போதாது. அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதால் உறுதி இரு மடங்கே ஆகும். முழுமையாக ஒட்டினால்தான் எட்டு மடங்கு உறுதி கிட்டும். புனேயின் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பலகை உப்பிவிடாதபடி, விளிம்புகள் அனைத்திலும் வார்னிஷ் பூசினர்.

அவர்கள் இறுதியாக வகுத்த செலவுப் பட்டியல் இது:

நகர்வுத் தண்டவாளங்கள், திருகுத்தண்டுகள் – 8,000 ரூபாய்
மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், ஆர்டுயினோ, மின்வழங்கி – 5,000 ரூபாய்
மரவேலைக்கான சிறு ரூட்டர் (பழையது) – 3,000 ரூபாய்
ஒட்டுப்பலகை, பசை, திருகாணிகள், அலுமினியத் துண்டுகள் – 2,500 ரூபாய்
வெட்டுமுனைகள், பாதுகாப்புக் கண்ணாடி, அவசர நிறுத்து பொத்தான் – 1,500 ரூபாய்

அலுமினியத் துண்டுகளைப் போசரியில் உள்ள பழைய உலோகக் கடை ஒன்றில் எடைக்கு வாங்கினர். ரூட்டரையும் பழையதாகவே வாங்கினர். ஆனால், தண்டவாளங்களைப் புதியனவாக வாங்கினர். பழைய ரூட்டர் ஓசை மிகுதியாக எழுப்பலாம், ஆயினும் வெட்டும். தேய்ந்த தண்டவாளமோ வெட்டுமுனையை நேராகச் செல்லவே விடாது.

செம்மூலை

பொறியின் உடல் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைய வேண்டும். இல்லையேல், சதுரம் வெட்டச் சொன்னால் பொறி சாய்சதுரம் வெட்டும்.

செங்கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீடு கட்டும் கொத்தனார்கள் அடித்தளத்துக்கு மூலைமட்டம் பார்க்கும் முறையே போதும். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் அளந்து குறிப்பர். அவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 5 அடியாக இருந்தால், அம்மூலை செம்மூலை. கணக்குப் பாடத்தில் பிதாகரஸ் தேற்றம் என நீங்கள் கற்பது இதுவே.

மாணவி ஒரு கூர்மையான பென்சிலைச் சுழல்தலையில் பொருத்தினாள். எக்ஸ் அச்சில் 150 மில்லிமீட்டரும் ஒய் அச்சில் 200 மில்லிமீட்டரும் பொறியை நகர்த்திப் புள்ளிகள் இட்டாள். இடைப்பட்ட தொலைவு 250 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும், 251 இருந்தது. சட்டகத்தின் திருகாணிகளைத் தளர்த்தி, சற்றே திருப்பி, மீண்டும் இறுக்கினர். சரியான அளவு வர ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அதற்குச் செலவான பணம் ஏதுமில்லை.

படிகளும் ஆட்டமும்

ஸ்டெப்பர் மோட்டார், மின்விசிறியைப் போலத் தொடர்ந்து சுழல்வதன்று. படி படியாகத் திரும்புவது. ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். இயக்கிச் சில்லு ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கும். எனவே ஒரு சுற்றுக்கு 3,200 நுண்படிகள். அவர்கள் வாங்கிய திருகுத்தண்டு ஒரு முறை சுற்றினால், அதில் கோத்த மரை 8 மில்லிமீட்டர் நகரும். 3,200ஐ 8ஆல் வகுத்தால் 400. அதாவது, 400 நுண்படிகளுக்கு ஒரு மில்லிமீட்டர்.

கணக்கின்படி இப்பொறி ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு வரை நுட்பமாக நகர வேண்டும். மாணவி மகிழ்ந்தாள். வீணான பலகைத் துண்டொன்றில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றைச் செதுக்கச் செய்தாள். வட்டம் வட்டமாக வரவில்லை. இடப்புறமும் வலப்புறமும், மேலும் கீழும் ஆக நான்கு இடங்களில் அது தட்டையாகியிருந்தது.

பிழை தன் கட்டளைகளில்தான் இருக்க வேண்டும் என அவள் எண்ணினாள். மூன்று மாலைகள் கணினியின்முன் அமர்ந்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தாள். பிழை ஏதும் தென்படவில்லை. நான்காம் நாள் தந்தை வேலையிலிருந்து திரும்பியதும், கணினியைப் பார்க்காமல் நேரே பொறியிடம் சென்றார். சுழல்தலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார்.

"கண்ணு, இதில் ஆட்டம் இருக்கிறது" என்றார்.

ஆட்டம் என்ற சொல்லை அவள் விளையாட்டு, நடனம் என்னும் பொருளிலேயே அறிந்திருந்தாள். பட்டறைத் தமிழில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. இணைந்திருக்க வேண்டிய இரு பாகங்களுக்கு இடையே உள்ள தளர்வே ஆட்டம். திருகுக்கும் மரைக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால், மோட்டார் திசை மாறித் திரும்பும்போது, திருகு முதலில் அவ்விடைவெளியைக் கடக்கும். அதன் பின்னரே மரை நகரும். அதற்குள் மோட்டார் எண்ணிய படிகள் எல்லாம் வீண். வட்டத்தில் அச்சுகள் திசை மாறும் இடங்கள் நான்கு. பிழை தோன்றியதும் அந்த நான்கு இடங்களிலேயே.

தந்தை தம் டயல் கேஜை வைத்து அளந்தார். ஆட்டம் 0.2 மில்லிமீட்டர். அஃதாவது 80 நுண்படிகள். நானூறில் ஒரு பங்கு நுட்பம் என்று கணக்கு கூறிய பொறி, உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு பிழையோடு இயங்கியது. மோட்டாரையும் திருகுத்தண்டையும் இணைக்கும் இணைப்பியின் சிறு திருகாணி தளர்ந்திருந்ததும் தெரிந்தது. அதனை இறுக்கினர். ஒற்றை மரைக்கு மாற்றாக, நடுவில் சுருள்வில் வைத்த இரட்டை மரையைப் பொருத்தினர். சுருள்வில் இரு மரைகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால் இடைவெளி எப்போதும் அடைபட்டிருக்கும். அடுத்துச் செதுக்கிய வட்டம் வட்டமாகவே வந்தது.

பொறிக்கு இடும் கட்டளை

பொறி அறிந்த மொழி மிகச் சிறியது. 'ஜி21' என்றால் அளவுகளை மில்லிமீட்டரில் கொள். 'ஜி90' என்றால் தொடக்கப் புள்ளியிலிருந்து அள. 'ஜி0' என்றால் விரைந்து நகர். 'ஜி1' என்றால் வெட்டிக்கொண்டே நகர். 'எம்3' என்றால் சுழல். 'எம்5' என்றால் நிறுத்து. 'எஃப்' என்னும் எழுத்தை அடுத்து வரும் எண், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பதைக் குறிக்கும். இம்மொழியில் கேள்வி இல்லை, வேண்டுகோளும் இல்லை. நகர், அள, சுழல், நிறுத்து என இலக்கணம் கூறும் ஏவல் வினைமுற்றுகளே இதில் உண்டு.

ஏவலுக்குக் கீழ்ப்படியும் பொறி, ஏவியவரின் கருத்தை அறியாது. 1.0 மில்லிமீட்டர் இறங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி விடுபட்டு 10 என்று ஆகிவிட்டால், பொறி 10 மில்லிமீட்டர் இறங்கிவிடும். தமிழில் ஒரு புள்ளி விடுபட்டால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். படிப்பவர் உய்த்துணர்ந்து கொள்வார், பொறி உய்த்துணராது.

வெட்டுமுனையின் பருமனையும் நாமே நினைவிற்கொள்ள வேண்டும். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையால் 40 மில்லிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி எடுக்க, முனையின் மையம் 43 மில்லிமீட்டர் சதுரப் பாதையில் செல்ல வேண்டும். 40 மில்லிமீட்டர் சதுரக் குழி வேண்டுமானால் 37 மில்லிமீட்டர் பாதையில் செல்ல வேண்டும். அக்குழியின் மூலைகளும் கூராக வாரா, 1.5 மில்லிமீட்டர் ஆரத்துடன் வளைந்தே இருக்கும்.

நகரும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முனை நிமிடத்துக்கு 10,000 முறை சுழல்கிறது. அதற்கு இரண்டு வெட்டுப்பற்கள் உள்ளன. ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் செதில் எடுக்க வேண்டும் எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால், நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர். மிக மெதுவாக நகர்த்தினால் நல்லது என்று எண்ணற்க. அப்போது பற்கள் வெட்டாமல் உரசும், மரம் கருகும், முனை மழுங்கும்.

வழிமாறிய எழுத்துகள்

வட்டம் சரியாக வந்தபின், முழுப் பெயரையும் ஒரு வேப்பம்பலகையில் செதுக்கிப் பார்த்தனர். 'தோட்டத்து' என்பது வரை செம்மையாக வந்தது. 'வீடு' மட்டும் 4 மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளி விழுந்தது.

இம்முறை மாணவி கணினியிடம் செல்லவில்லை. முதலில் பொறியைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. பிறகு பலகையைக் கவனித்தாள். 'வீ' தொடங்கும் இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. 3 மில்லிமீட்டர் ஆழத்தையும் ஒரே முறையில் வெட்டுமாறு அவள் ஏவியிருந்தாள். முடிச்சில் சிக்கிய முனை நின்றது. மோட்டாரும் சில படிகளைத் தவறவிட்டது. இத்தகைய எளிய மோட்டாருக்குத் தான் தவறவிட்டதை அறியும் வழி இல்லை. நகர்ந்துவிட்டதாகவே கொண்டு, எஞ்சிய எழுத்துகளைத் தவறான இடத்திலிருந்து தொடர்ந்தது.

அதன் பிறகு ஒரு முறைக்கு 0.5 மில்லிமீட்டர் ஆழம் என ஆறு முறை வெட்டுமாறு மாற்றினாள். நேரம் கூடியது, விசை குறைந்தது. சிறிய பொறியின் வலுவின்மைக்கு ஈடாக நாம் தரக்கூடியது நேரமே.

பாதுகாப்பு

மாணவர்களே! இத்தகைய பொறியைப் பெரியவர் துணையின்றி இயக்கலாகாது. 230 வோல்ட் மின்னிணைப்பு வேலையை அறிந்தவரே செய்ய வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், மரத்தூளைத் தடுக்கும் முகக்கவசமும் அணிய வேண்டும். கூந்தலை இறுகக் கட்ட வேண்டும். துப்பட்டா, தளர்ந்த கைகளை உடைய சட்டை ஆகியவை ஆகா. கையுறையும் அணியக் கூடாது. சுழலும் முனை கையுறையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். அவசர நிறுத்து பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொறி ஓடும்போது அறையை விட்டு வெளியேறலாகாது. உரசிச் சூடேறிய மரத்தூள் தீப்பற்றக் கூடும்.

1,500 ரூபாயில் கண்ணாடியும் நிறுத்து பொத்தானும் அடங்கியிருந்ததை நினைவுகூர்க. பட்டியலில் அதுவே சிறிய தொகை. ஆயினும், தொகையைக் குறைக்க வேண்டி வந்தபோது தந்தை அதில் கைவைக்கவில்லை.

பலகை வாசலுக்கு வந்தது

அப்பத்தாவின் பலகையைப் பொறியில் பிணித்த நாளன்று, முதலில் முனையை 10 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்து, முழுப் பெயரையும் வெற்றிடத்தில் எழுதச் செய்தனர். முனை எங்கும் பலகையை விட்டு வெளியே செல்லவில்லை. பிணிப்புகளில் மோதவும் இல்லை. பிறகு முனைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, தாள் சற்றே பற்றும் வரை முனையை இறக்கினர். தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதைக் கழித்து ஆழத்தின் தொடக்கத்தைக் குறித்தனர்.

வேலை முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை இருவரும் பொறியின் அருகிலேயே நின்றிருந்தனர். எழுத்துகள் அனைத்தும் தம் இடத்தில் அமைந்தன. ஆனால், 'ட்ட' என்னும் எழுத்துகளின் வெளிமூலைகள் மட்டும் கூராக இல்லாமல் வளைந்திருந்தன. உருண்டையான முனையால் அதற்குமேல் இயலாது. தந்தை தம் பெட்டியிலிருந்து மெல்லிய உளி ஒன்றை எடுத்துக் கூர் தீட்டி மகளிடம் கொடுத்தார். அந்நான்கு மூலைகளையும் அவளே கையால் செதுக்கிக் கூராக்கினாள்.

அப்பலகை இன்று அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அவ்வழியே செல்லும் அண்டை வீட்டார் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். மாணவி படித்துக் காட்டுவாள். 'ட்ட' மட்டும் கையால் செதுக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

சொல்லும் பொருளும்

துருவல் – சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்குதல்
மரை – திருகு சுழன்று செல்லுமாறு உள்வரி வெட்டப்பட்ட துண்டு
ஆட்டம் – (பட்டறை வழக்கு) பாகங்களுக்கு இடையே உள்ள தளர்வு
செம்மூலை – செங்கோணமாக அமைந்த மூலை
சட்டகம் – பாகங்களைத் தாங்கும் உடற்கூடு
உய்த்துணர்தல் – சொல்லாததையும் ஊகித்து அறிதல்
பிணித்தல் – அசையாமல் இறுகக் கட்டுதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தொழில்சார்ந்த தமிழ்ச் சொற்கள் (மட்டம், உளி, இழைப்புளி போன்றவை) பத்தினைக் கேட்டு, பொருளுடன் எழுதி வருக.
2. அடிக்கோல் சோதனையைச் செய்து பார்த்து, நீங்கள் கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. துருவல் பொறியில் சுழல்வது ________.
(பொருள் / வெட்டுமுனை / சட்டகம் / தண்டவாளம்)
2. ஒரு சட்டத்தின் நீளம் பாதியானால், அதே விசைக்கு அதன் வளைவு ________ ஆகும்.
(பாதி / கால் பங்கு / எட்டில் ஒரு பங்கு / இரு மடங்கு)
3. 'செம்மூலை' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
(செம் + மூலை / செம்மை + மூலை / செ + மூலை / செம்மு + மூலை)

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. எண் கட்டுப்பாட்டுத் துருவல் பொறி ________ ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டப்பட்டது.
2. 3 மில்லிமீட்டர் முனையால் 50 மில்லிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி எடுக்க, முனையின் மையம் ________ மில்லிமீட்டர் சதுரப் பாதையில் செல்ல வேண்டும்.

இ. மொழியை அறிவோம்

முன்னிலையில் இருப்பவரை ஏவும் வினைமுற்று ஏவல் வினைமுற்று ஆகும். (எ.கா.) நகர், நில், எழுது. பின்வரும் வினைகளை ஏவல் வினைமுற்றுகளாக மாற்றுக.
அளந்தான், இறுக்கினாள், செதுக்கினர், நிறுத்தினார்

ஈ. குறுவினா

1. பழைய ரூட்டரை வாங்கியவர்கள், தண்டவாளங்களைப் புதியனவாக வாங்கியது ஏன்?
2. சுழலும் முனையின் அருகே கையுறை அணியலாகாது. காரணம் தருக.

உ. சிறுவினா

1. வட்டம் நான்கு இடங்களில் தட்டையானதற்கான காரணத்தையும், அது களையப்பட்ட முறையையும் விளக்குக.
2. 'வீடு' என்னும் சொல் இடம் மாறி விழுந்ததற்கும், வட்டம் தட்டையானதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

ஊ. சிந்தனை வினா

20,000 ரூபாயில் மேலும் 2,000 ரூபாயைக் குறைக்க வேண்டுமானால், செலவுப் பட்டியலின் எப்பகுதியில் குறைப்பீர்கள்? எப்பகுதியில் குறைக்க மாட்டீர்கள்? காரணங்களுடன் எழுதுக.